கார்னெட்டும் காக்காப்பொன்னும்: பாறை உருவான வெப்பநிலையைக் கணக்கிடுவது எப்படி?

டெல்டாவில் எங்கே தோண்டினாலும் வண்டல்தான். ஆனால் பூம்புகார் கரையில் அலை வடிந்த இடத்தில் குனிந்து பாருங்கள். கருமணல் வரிகளுக்கு இடையே இளஞ்சிவப்பு வரிகளும் தெரியும். காந்தத்தைக் காட்டினால் கருப்பில் ஒரு பங்கு தாவி ஒட்டும், அது மேக்னடைட். சிவப்பு அப்படித் தாவாது, அதுதான் கார்னெட். கரூர், நாமக்கல் பக்கத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகளைக் காவிரி அரைத்துக் கொண்டுவந்த சரக்கு.

சரி, இந்த மணலை வைத்தே வெப்பநிலை சொல்லிவிடலாமா? முடியாது. ஒற்றைக் கார்னெட் எதையும் சொல்லாது, பக்கத்தில் ஜோடி வேண்டும்.

படி 1: ஜோடியைத் தேடுங்கள். வெளியூரிலிருந்து லாரியில் வரும் ஜல்லிக் குவியலைக் கிளறுங்கள். சிவப்புப் புள்ளியை ஒட்டி, கருப்பாய் மினுக்கும் காக்காப்பொன் செதில் இருக்கிற கல்தான் நமக்கு வேண்டியது. அந்தச் செதிலின் பெயர் பயோடைட். சூட்டில் இரண்டும் இரும்பையும் மக்னீசியத்தையும் மாற்றிக்கொள்ளும். சூடு ஏற ஏற கார்னெட்டுக்கு மக்னீசியம் கூடும்.

படி 2: அளவு. கல்லை 0.03 மில்லிமீட்டர் சீவலாக்கி மெருகேற்றி, எலக்ட்ரான் மைக்ரோபுரோபில் (எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, கனிமத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கும் கருவி) வைக்க வேண்டும். இது ஆய்வகத்து வேலை. பழகுவதற்கு இந்த எண்கள் போதும்: கார்னெட்டில் மக்னீசியம் ஆக்சைடு 5, இரும்பு ஆக்சைடு 33 சதவீதம், பயோடைட்டில் 12, 18.

படி 3: கணக்கு. எடைச் சதவீதத்தை அப்படியே வகுத்துவிடாதீர்கள். முதலில் மக்னீசியம் ஆக்சைடை 40.3 ஆலும் இரும்பு ஆக்சைடை 71.85 ஆலும், அதாவது அவற்றின் மூலக்கூறு எடையால், வகுக்க வேண்டும். அப்புறம் மக்னீசியத்தை இரும்பால் வகுத்தால் கார்னெட்டுக்கு 0.270, பயோடைட்டுக்கு 1.189. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.227. அதன் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) −1.48.

ஃபெரி, ஸ்பியர் என்ற புவியியலாளர்கள் 1978-இல் தந்த சூத்திரம்:

கெல்வின் = (12454 + 0.057 × அழுத்தம்) ÷ (4.662 − 5.961 × மடக்கை)

அழுத்தம் என்பது பாறை உருவானபோது அதன்மேல் இருந்தது, அது ‘பார்’ (bar) என்ற அலகில் இருக்க வேண்டும். 5000 பார் என்று வைத்தால் சுமார் 944 கெல்வின், அதாவது 671 டிகிரி செல்சியஸ். 6000 என்று மாற்றினாலும் 4 டிகிரிதான் ஏறும், ஆகவே அழுத்தத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

படி 4: விடையைச் சந்தேகியுங்கள். 50 டிகிரி முன்பின் இருப்பது சகஜம். கால்சியமோ மாங்கனீசோ அதிகமுள்ள கார்னெட்டுக்கு இந்தச் சூத்திரம் ஒத்துவராது. கல்லில் ஹைப்பர்ஸ்தீன் (அதிகச் சூட்டில் உருவாகும் கனிமம்) இருந்தும் விடை 600 என்று வந்தால், அது பாறை ஆறும்போது பரிமாற்றம் நின்ற சூடு. உச்ச வெப்பம் அதைவிட அதிகம். அப்போது தொட்டுக்கொண்டிருக்கும் விளிம்புகளை விட்டுவிட்டு, கார்னெட்டின் நடுப்பகுதியையும் அதிலிருந்து தள்ளியிருக்கும் பயோடைட்டையும் அளந்து பாருங்கள்.