மழையிலும் வழி சொல்லும் கருவி

ஐப்பசி மழையில் திருமயத்திலிருந்து காரைக்குடிக்கு பைக்கில் வந்தால் தெரியும், போன் படுத்தும் பாடு. திரையில் விழும் துளியை விரல் என்று நினைத்துக்கொண்டு மேப் தானாகவே விரியும், சுருங்கும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் ஆவி படியும். சித்திரை வெயிலில் அதே உறைக்குள் சூடேறித் திரை மங்கும்.

சரி என்று பைக்குக்கென்றே செய்த ஜிபிஎஸ் கருவி தேடினேன். கடையில் எல்லாமே 'வாட்டர்ப்ரூஃப்' தான். பார்க்கவேண்டியது ஐபி எண். அதில் முதல் இலக்கம் தூசியையும் இரண்டாவது தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் அது அசையாத தண்ணீரில் நடக்கும் சோதனை. வேகத்தில் அறையும் மழை வேறு விஷயம். அதற்கு 5 அல்லது 6 என்ற நீர்ப்பாய்ச்சல் தரமும் இருந்தால் நல்லது. முதல் இலக்கத்துக்குப் பதில் 'எக்ஸ்' இருந்தால் தூசிக்குத் தரம் குறிக்கவில்லை என்று அர்த்தம். நம் செம்மண் புழுதிக்கு அந்த இடத்தில் 6 வேண்டும். ஐபி67 எழுதிய கருவியை எடுத்தேன். விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கையுறையோடு தொட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். தண்ணீர் பெரும்பாலும் புகுவது சார்ஜ் துளை வழியாக. அதனால் ரப்பர் மூடியுள்ள இணைப்பு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த வயர். மெக்கானிக் அண்ணன் ரிலேயும் போட்டார். சாவியை எடுத்தால் மின்சாரமும் நிற்கும்.

மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் சிக்னல் இல்லாவிட்டாலும் வழி தெரியும், செயற்கைக்கோளுக்கு டவர் தேவையில்லை. கானாடுகாத்தானில் ஒரே மாதிரி நேர் தெருக்களுக்குள் திரும்பும்போது அது ரொம்ப உதவியாக இருக்கிறது.