ஜெயித்த பணத்துக்கு வரி உண்டா? தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம் ஓடி முடிந்ததும், டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் எழும் முதல் கேள்வி, ஜெயித்த பணத்துக்கு வரி உண்டா என்பதுதான். "கிடையாது" என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை.

உரிமம் பெற்ற புக்கியிடமோ (பந்தயப் பணம் வாங்குபவர்) கேசினோவிலோ, தேசிய லாட்டோவிலோ பொழுதுபோக்காக ஆடும் தனிநபருக்கு வருமான வரி இல்லை. அந்தப் பணம் மூலதன வரவு, அதாவது சம்பளம்போல வருமானமாகக் கருதப்படாத வரவு. வருமான வரிச் சட்டத்தின் எட்டாம் அட்டவணை, 60ஆம் பத்தி, மூலதன ஆதாய வரியிலிருந்தும் அதை விலக்குகிறது. ஆனால் அந்த ஆட்டம் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி அனுமதி பெற்று நடந்திருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்த நிபந்தனையைத்தான்.

கைப்பேசியில் வெளிநாட்டுக் கேசினோ தளத்தில் ஆடி 5 லட்சம் ராண்ட் ஆதாயம் பார்த்தவரை எடுத்துக்கொள்வோம். 2026 பிப்ரவரியில் முடிந்த வரி ஆண்டின் கணக்குப்படி, ஆண்டுக் கழிவு 40,000 போக மீதி 4,60,000. அதில் 40 சதவீதம், அதாவது 1,84,000 ராண்ட், அவருடைய வரிக்குரிய வருமானத்தோடு சேரும். 45 சதவீத வரி கட்டுபவருக்கு 82,800 ராண்ட் வரி. அதே ஆண்டு அதே தளத்தில் 3 லட்சம் தோற்றிருந்தாலும் ஒரு சென்ட்கூடக் கழிக்க முடியாது. அனுமதியில்லாத ஆட்டத்தில் ஆதாயத்துக்கான விலக்குதான் பறிபோகிறது. நட்டத்தைச் சட்டம் கணக்கிலேயே எடுப்பதில்லை. இதைவிடப் பெரிய அடியும் உண்டு: சட்டவிரோத ஆட்டத்தில் வென்ற பணத்தை அரசே பறிமுதல் செய்ய 2004ஆம் ஆண்டின் தேசிய சூதாட்டச் சட்டம் இடம் தருகிறது. பணம் கட்டுவதற்கு முன்பே தளத்தின் உரிமத்தை மாகாணச் சூதாட்ட வாரியத்தில் சரிபாருங்கள்.

"ஜெயித்தால் 15 சதவீதம் பிடிப்பார்கள்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 25,000 ராண்டுக்கு மேல் வென்றால் அப்படிப் பிடிக்கலாம் என்று 2011 பட்ஜெட்டில் ஒரு யோசனை வந்தது. நடைமுறைக்கு வருமுன்பே 2012இல் கைவிட்டார்கள். குதிரைப் பந்தய வெற்றியில் புக்கி கழிப்பது மாகாணப் பந்தய வரி. வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கேட்க முடியாது.

சூதாட்டத்தையே பிழைப்பாக நடத்துபவர் கதை வேறு. வென்றது முழுவதும் சாதாரண வருமானம். நட்டத்தைக் காட்டலாம், ஆனால் உச்ச வரி விகிதத்தில் இருப்பவர் அதைச் சம்பளத்தில் கழிக்க வருமான வரிச் சட்டத்தின் 20A பிரிவு எளிதில் விடாது. அந்தப் பிரிவு பெயர் சொல்லியே குறிவைக்கும் தொழில்களில் சூதாட்டமும் ஒன்று. கம்பெனிக்கோ அறக்கட்டளைக்கோ 60ஆம் பத்தியின் விலக்கே கிடையாது. ஆகவே கடைக் கம்பெனிக் கணக்கிலிருந்து லாட்டோ சீட்டு வாங்காதீர்கள்.

வரி இல்லை என்பதற்காகச் சொல்லாமல் விடுவதும் தவறு. வங்கியில் திடீரென்று 8 லட்சம் விழுந்தால் வரித்துறை கேட்கும். அது வரிக்குரியதல்ல என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. தனிநபர் வருமான வரிக் கணக்குக்கான ஐடிஆர்12 படிவத்தில் வரிக்கு உட்படாத தொகைகளுக்கான பகுதியில் எழுதுங்கள். வென்ற பணத்தை உங்களிடம் கொடுத்ததற்கான சீட்டு, புக்கி கணக்கின் அறிக்கை, வங்கி அறிக்கை மூன்றையும் 5 ஆண்டு பத்திரப்படுத்துங்கள். வெப்பக்காகிதச் சீட்டு சில மாதங்களில் வெளுத்துவிடும். அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

ஜெயித்ததைத் தனியே வைத்துக்கொள்ள நம் வீடுகளில் யாருக்கும் மனசு வராது. மகனுக்கு வீடு, தங்கைக்குக் கார் என்று கொடுக்கும்போதுதான் நன்கொடை வரி வரும். 2026 பிப்ரவரியில் முடிந்த வரி ஆண்டில் 1 லட்சம் ராண்ட் வரை விலக்கு இருந்தது. அதற்கு மேல் 20 சதவீதம். கொடுத்தவர்தான் கட்ட வேண்டும், கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசிக்குள். கணவன் மனைவிக்குள் கொடுத்தால் இந்த வரி இல்லை. பொதுநல அமைப்பாக அங்கீகாரம் பெற்ற கோயிலுக்குக் கொடுத்தாலும் இல்லை. ஆனால் வழிபாட்டுக்காகக் கொடுத்ததை 18A ரசீது (நன்கொடைக்கு வரிக் கழிவு கேட்க உதவும் ரசீது) போட்டு வருமானத்தில் கழிக்க முடியாது.