“டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க” என்று பள்ளி சொன்னால்: பெற்றோருக்கான வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு மாணவரை நீக்கியதாகப் பள்ளி எழுத்தில் உத்தரவு கொடுப்பது அபூர்வம். வழக்கமாக நடப்பது வேறு. பெற்றோரைத் தலைமையாசிரியர் அறைக்கு அழைப்பார்கள். “இனிமே இவனை வச்சுக்க முடியாது. நீங்களே ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துட்டு டி.சி. வாங்கிக்கோங்க. நாங்களா கொடுத்தா கண்டக்ட் கெட்டுப்போயிடும்” என்பார்கள். பிள்ளையின் எதிர்காலம் பாழாகிவிடுமோ என்ற பயத்தில் பெற்றோரும் “சொந்தக் காரணங்களுக்காக” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

அந்தக் கையெழுத்து விழுந்தவுடன் நீக்கம் விலகலாக மாறிவிடுகிறது. மாற்றுச் சான்றிதழ் படிவத்தில், சான்றிதழ் கேட்டுப் பெற்றோர் விண்ணப்பித்த நாள் எது என்று தனியாக ஒரு வரி உண்டு. அதில் தேதி ஏறிவிட்டால், பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் “நீங்கள்தானே கேட்டு வாங்கினீர்கள்” என்ற ஒரே கேள்வியில் மனு நின்றுவிடும். ஆகவே அன்றைக்கு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மன்னிப்புக் கடிதம், உறுதிமொழிக் கடிதம், வெற்றுத் தாள் எதுவானாலும் சரி. “வீட்டில் பேசிவிட்டு எழுத்தில் பதில் தருகிறோம்” என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம். அதற்குள் கையெழுத்து வாங்கியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

எந்த வகுப்பு என்பதுதான் முதல் கேள்வி

1 முதல் 8ஆம் வகுப்பு வரை என்றால் உங்கள் நிலை பலமானது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 16, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 2019 திருத்தம் 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வு வைத்து, தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது. ஆனால் நீக்கக் கூடாது என்பதை அது தொடவில்லை. ஒழுங்கீனம், குறைந்த மதிப்பெண், கட்டண பாக்கி என்று காரணம் எதுவானாலும் இதுதான் நிலை. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். 14 வயது தாண்டியும் 8ஆம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கும் தொடக்கக் கல்வியை முடிக்கும் உரிமை உண்டு.

இரண்டு விதிவிலக்குகளைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகள் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார்கள். சிறுபான்மை நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் பள்ளிக்குச் சிறுபான்மை அந்தஸ்து இருக்கிறதா என்பதை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயரில் ஒரு புனிதரோ மகானோ இருப்பதால் மட்டும் அது சிறுபான்மைப் பள்ளி ஆகிவிடாது.

9 முதல் 12 வரை சட்டத்தின் நேரடித் தடை இல்லை. அங்கே பள்ளிக்கு நீக்கும் அதிகாரம் இருக்கலாம், ஆனால் முறைப்படிதான் நீக்க முடியும். என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். பிள்ளையின் தரப்பைக் கேட்க வேண்டும். காரணம் சொல்லி உத்தரவு போட வேண்டும். செய்த தவறுக்குத் தண்டனை பொருத்தமாகவும் இருக்க வேண்டும். இதில் எது விடுபட்டது என்று தேடுவதுதான் மேல் வகுப்புப் பெற்றோரின் வேலை. பெரும்பாலும் முதல் இரண்டுமே நடந்திருக்காது.

சஸ்பெண்ட் என்று சொன்னால்

பள்ளி கண்டிக்கலாம், பெற்றோரை அழைக்கலாம், ஆலோசகரிடம் அனுப்பலாம், தன் விதிகளின்படி சில நாள் வகுப்புக்கு வராமல் நிறுத்திவைக்கலாம். அடிக்கவோ மனரீதியாகத் துன்புறுத்தவோ கூடாது (அதே சட்டம், பிரிவு 17). “நாங்க கூப்பிடுற வரைக்கும் அனுப்ப வேண்டாம்” என்பது சஸ்பென்ஷன் அல்ல, தேதி போடாத நீக்கம். உடனே மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அந்த நாட்களின் வருகைப் பதிவு எப்படிக் குறிக்கப்படும், இடையில் தேர்வு வந்தால் எழுத விடுவார்களா. வருகைப் பதிவைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வுக்கு 75 சதவீத வருகை வேண்டும். சஸ்பெண்ட் நாட்களை விடுப்பாகக் குறித்து, பிறகு வருகை போதவில்லை என்று தேர்வு எழுதவிடாமல் செய்வது இரண்டாவது தண்டனை.

அன்று இரவே செய்ய வேண்டியவை

பெற்றோர் வந்து சேருவதற்கு முன்பே பிள்ளையிடம் “நடந்ததை எழுதிக் கொடு” என்று ஒரு வாக்குமூலம் வாங்கியிருப்பார்கள். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதியதாகவும் அது இருக்கலாம். அதன் நகலைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, திட்டாமல், அதன் வார்த்தையிலேயே நடந்ததை எழுதச் சொல்லி தேதி போட்டு வையுங்கள். யார் யார் இருந்தார்கள், எந்தப் பாடவேளை, முன்னால் என்ன நடந்தது என்பதெல்லாம் வரட்டும். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் கதை மாறியிருக்கும், பொய் சொல்வதால் அல்ல, பயத்தால்.

கேமரா பதிவு இருந்தால் அதைப் பத்திரப்படுத்தும்படி மறுநாள் காலையே கடிதம் கொடுங்கள். பல பள்ளிகளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறி, சில வாரங்களில் அழிந்துவிடும். டைரிக் குறிப்புகள், பள்ளியின் வாட்ஸ்அப் செய்திகள், கட்டண ரசீதுகள், சேர்க்கையின்போது கொடுத்த விதிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள்.

விஷயம் காவல் நிலையம்வரை போகக்கூடியது என்றால் (போதைப் பொருள், ஆயுதம், பாலியல் புகார்) பள்ளியில் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம், எதிர்த்தரப்புக் குடும்பத்தோடு சமரசம் பேசவும் போக வேண்டாம். 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழையுங்கள். குழந்தைகள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. தந்தை பெயரில் விண்ணப்பித்து வருமானச் சான்றுக்கு அலைவதைவிடப் பிள்ளை பெயரிலோ தாய் பெயரிலோ விண்ணப்பிப்பது சுலபம்.

பள்ளிக்குக் கொடுக்கும் கடிதம்

நீளமாக எழுதாதீர்கள். குற்றம் சாட்டாதீர்கள். இந்த அளவு போதும் (எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு):

“என் மகன் / மகள் (பெயர், வகுப்பு, எமிஸ் எண்) குறித்து (தேதி) அன்று தங்களைச் சந்தித்தோம். மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளுமாறு வாய்மொழியாகக் கூறினீர்கள். நாங்கள் மாற்றுச் சான்றிதழ் கோரவில்லை. பிள்ளை தொடர்ந்து இதே பள்ளியில் படிக்க விரும்புகிறோம். குற்றச்சாட்டு இருப்பின் அதன் விவரம், மீறப்பட்ட பள்ளி விதி, பெறப்பட்ட வாக்குமூலத்தின் நகல் ஆகியவற்றை எழுத்தில் தரவும். பதில் அளிக்க 7 நாள் அவகாசமும் நேரில் விளக்க வாய்ப்பும் வேண்டுகிறோம். அதுவரை வகுப்பில் அனுமதிக்கவும்.”

8ஆம் வகுப்புக்குள் என்றால் பிரிவு 16ஐ ஒரு வரியில் சேருங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டு, பள்ளியின் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். கடிதத்தின் உயிர் “நாங்கள் மாற்றுச் சான்றிதழ் கோரவில்லை” என்ற வாக்கியம்தான். மற்றதில் எதை விட்டாலும் அதை விடக் கூடாது.

பிள்ளை உண்மையிலேயே தவறு செய்திருந்தால் மறுத்துப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். அடிபட்ட மற்ற பிள்ளையின் பாதுகாப்பும் பள்ளியின் பொறுப்புதான். அப்போது வாதம் வேறு: தவறை ஒப்புக்கொள்கிறோம், இதற்குப் பள்ளியை விட்டே அனுப்புவது அதிகம். வேறு வகுப்புப் பிரிவுக்கு மாற்றம், ஆலோசனை, சில நாள் சஸ்பென்ஷன் என்று நீங்களே ஒரு மாற்றை எழுதிக் கொடுங்கள். நிர்வாகத்துக்கும் முகம் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி தேவை. அதைக் காட்டினால் பாதி விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அடங்காத துறுதுறுப்பு போன்றவை இருக்கும் பிள்ளையை “ஒழுங்கீனம்” என்று வெளியேற்றுவதும் உண்டு. மருத்துவச் சான்று இருந்தால் கடிதத்தோடு இணைத்து, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் ஒரு பிரதி போகட்டும்.

பதில் வராவிட்டால்

ஒரு வாரம் பாருங்கள். பிறகு மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு. தனியார் பள்ளிகளுக்கென்று தனி மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், தவறான அலுவலகத்தில் கொடுத்தால் மனு மேசை மாறிக்கொண்டே இருக்கும். பிரதி முதன்மைக் கல்வி அலுவலருக்கு. சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் வாரியத்தின் மண்டல அலுவலகத்துக்கும் ஒன்று. பள்ளிக் கல்வித் துறையின் 14417, முதல்வரின் முகவரி 1100 இரண்டிலும் புகாரைப் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனு பல சமயம் வேகமாக நகரும், காரணம் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் கீழே இருப்பவருக்கு உண்டு.

கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 32இன் கீழ் கொடுக்கும் புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதில் குறை இருந்தால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு. மூன்று மாதம் என்பது ஒரு பிள்ளைக்குக் கிட்டத்தட்ட ஒரு முழுப் பருவம். ஆகவே ஆணையத்துக்கு முதலிலேயே பிரதி அனுப்பிவிடுங்கள். பொதுத் தேர்வு நெருங்கியிருந்தால் இந்தப் படிகளில் காத்திருக்காமல் உயர் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேட்க வழக்கறிஞரைப் பாருங்கள்.

பள்ளியை மாற்றுவதே நல்லது என்று தோன்றினால்

சில சமயம் அதுதான் சரி. தினமும் குற்றவாளியைப் போல நிற்க வைக்கும் இடத்தில் ஜெயித்து உட்கார்ந்து என்ன பயன். ஆனால் கையெழுத்துக்கு முன் பேரம் பேசுங்கள். நடத்தை வரியில் “நன்று”. குறிப்பு எதுவும் கூடாது. முடிந்தால் ஆண்டு இறுதிவரை படிக்க விடுவது. திரும்பத் தர வேண்டிய கட்டணம், முன்பணம். எல்லாம் எழுத்தில் வந்த பிறகே விண்ணப்பம்.

எமிஸ் பதிவை மறக்காதீர்கள். டி.சி. கையில் இருந்தும் பழைய பள்ளி எமிஸில் பிள்ளையின் பெயரைக் காமன் பூலுக்கு (பள்ளி மாறுவோரின் பொதுப் பட்டியலுக்கு) விடுவிக்காவிட்டால், புதிய பள்ளியின் பட்டியலில் பெயர் ஏறாது. டி.சி. வாங்கும் அன்றே, அங்கேயே நின்று விடுவிக்கச் சொல்லுங்கள்.

டி.சி. தர மறுத்து இழுத்தடித்தாலும் 8ஆம் வகுப்புவரை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகள் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தாமதிக்கவோ முடியாது. டி.சி. என்பது கட்டண பாக்கி வசூலிக்கும் கருவியல்ல, பாக்கி விவரத்தை அதில் எழுதக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சி.பி.எஸ்.இ.யில் 10, 12ஆம் வகுப்புக்கு நடுவில் பள்ளி மாறுவது கடினம். 9-10, 11-12 இரண்டிரண்டு ஆண்டுப் படிப்பு, வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த வகுப்புகளில் இருப்பவர்கள் புதிய இடம் உறுதியாகும்வரை பழையதை விடக் கூடாது. எல்லாக் கதவும் அடைத்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது, மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுதவும் வழி உண்டு.

வீட்டுக்குள்

முதல் அடி பெரும்பாலும் வீட்டில்தான் விழும். “மானம் போச்சு” என்று அப்பா கை ஓங்குவது, “நீ கொடுத்த செல்லம்” என்று அம்மா மேல் பழி, உறவினர் வீட்டு விசேஷங்களைத் தவிர்ப்பது. பிள்ளை எத்தனை நாள் வீட்டில் சும்மா இருக்கிறதோ அத்தனைக்குத் திரும்பிப் போவது கடினமாகிறது. பையன் என்றால் “கொஞ்ச நாள் கடையில் நிக்கட்டும்” என்பார்கள், பெண் என்றால் ஜாதகம் வெளியே வரும். இரண்டையும் தள்ளிவையுங்கள். பள்ளி நேரத்தில் எழுந்து, குளித்து, பாடப் புத்தகத்தோடு உட்காரும் வழக்கம் மறுநாளே தொடங்க வேண்டும். நோட்டுகளை நண்பர்களிடமிருந்து வாங்கி எழுதட்டும். பிள்ளை பேசாமல் ஒடுங்கினாலோ சாகிறேன் என்றாலோ 14416இல் மனநல ஆலோசகர்கள் எந்த நேரமும் கிடைப்பார்கள். வீட்டிலோ பள்ளியிலோ அடி விழுந்தால் 1098.

தம்பி தங்கை அதே பள்ளியில் படித்தால் அவர்களிடம் ஆசிரியர்கள் என்ன கேட்கிறார்கள் என்று தினமும் மெதுவாக விசாரியுங்கள். “உங்க அண்ணன் மாதிரி” என்ற பேச்சு வந்தால் தேதியோடு குறித்து அதே கோப்பில் சேருங்கள். அடுத்த மனுவில் அதுவும் ஒரு வரியாகப் போகும்.