நிலவாகை: நெல்லைச் சரக்கு, சூடான் சரக்கு – தரம் பார்ப்பது எப்படி?

சென்னா என்று ஏற்றுமதியாகும் மலமிளக்கி மூலிகையான நிலவாகையில் இரண்டு வகை புழங்குகிறது. தூத்துக்குடி, நெல்லை, ராமநாதபுரம் பக்கம் விளைவது ‘டின்னவெல்லி’. சூடானிலிருந்தும் எகிப்திலிருந்தும் வருவது ‘அலெக்சாந்திரியா’. ஊர்ப்பெயரை வைத்து மட்டும் விலை பேசாதீர்கள்.

முதலில் மாதிரி. சிப்பத்தின் மேல்வாயில் நல்ல இலைதான் கிடைக்கும். பல சிப்பங்களில் நடுவிலும் அடியிலும் கைவிட்டு எடுத்துக் கலந்து, அதில் 100 கிராம் நிறுத்துப் பிரியுங்கள். காம்பு, காய் போன்றவை 3 கிராமுக்கும், மண், வேற்றுச்செடி 1 கிராமுக்கும் மேல் போகக்கூடாது.

டின்னவெல்லி இலை 2.5–5 செ.மீ. நீளம், அழுத்திக் கட்டுவதால் முழு இலை அதிகம், மேலே அழுத்தக் கோடுகளும் தெரியும். அலெக்சாந்திரியா 1.5–4 செ.மீ.தான், நொறுங்கலும் கூடுதல். இரண்டிலும் இலை காம்போடு சேரும் அடி ஒருபக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கியிருக்கும். அடி சமமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நம் ஊர் ஆவாரை இலைதான் பழைய கலப்படம். ஆய்வகத்தில் 80 சதவீதக் கந்தக அமிலம் ஒரு சொட்டு விட்டால் ஆவாரைத் தூள் செக்கச்செவேலென்று மாறும். இதை வீட்டில் செய்ய வேண்டாம்.

நிறம் வெளிர்பச்சையிலிருந்து மஞ்சள்பச்சை வரை இருக்கலாம். கறுப்பும் பழுப்பும் தட்டினால், பறித்த இலையை மெலிதாகப் பரப்பாமல் குவித்துப் புழுங்கவிட்டிருக்கிறார்கள் அல்லது மழையில் நனைந்திருக்கிறது. அந்த இலையில் பூஞ்சை வாய்ப்பும் அதிகம். தூளை 105 டிகிரியில் உலர்த்தும்போது எடை 12 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. எரித்தபின் மிஞ்சும் மொத்தச் சாம்பலுக்கும் 12 சதவீதம்தான் எல்லை; அமிலத்தில் கரையாத சாம்பல் 2.5-ஐத் தாண்டினால் களத்து மணல் என்று பொருள்.

இவ்வளவும் தேறிய சரக்குக்கே, மலமிளக்கும் பொருளான சென்னோசைடு எவ்வளவு என்ற சோதனைக்குச் செலவழியுங்கள். ஐரோப்பிய மருந்தியல் நூல் நெடுங்காலம் கையாண்ட வரம்பில் இரு நாட்டு இலைக்கும் ஒரே அளவுதான்: குறைந்தது 2.5 சதவீதம். இலையில் பிறந்த ஊருக்குத் தனிச் சலுகை இல்லை. இப்போதைய வரம்பை வாங்குபவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

காயில் கதை வேறு. அலெக்சாந்திரியாக் காய் 2 செ.மீ.க்குக் குறையாத அகலம், 6–7 விதை, டின்னவெல்லி 1.4–1.8 செ.மீ., 5–8 விதை. பழைய வரம்பும் முறையே 3.4, 2.2 சதவீதம். இரண்டும் வரம்பின் அடிமட்டத்திலேயே இருந்தால், 100 கிலோ அலெக்சாந்திரியாக் காய்க்கு ஈடாகச் சுமார் 155 கிலோ டின்னவெல்லி வேண்டும். கிலோ விலையை இந்தக் கணக்கில் வைத்து ஒப்பிடுங்கள்.