நினைவில் இருக்கும் ருசியை அடுப்பில் பிடிப்பது: ஹைனான் கோழிச்சோறு

சிங்கப்பூரில் கோழிச்சோறு சாப்பிட்டவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால் வெளுத்த கோழியைத்தான் முதலில் சொல்வார்கள். கண்ணில் நிற்பது அதுதான். ஆனால் நாக்கில் நின்றது சோறு. வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வேலை அடுப்படியில் இல்லை. ஒரு தாளை எடுத்து, நினைவில் உள்ளதை எழுதுங்கள். பெயர்களை எழுத வேண்டாம், உணர்ந்ததை எழுதுங்கள். கோழி சூடாக இருந்ததா? இல்லை, ஆறியிருந்தது. தோல் வழுவழுப்பாக, அடியில் மெல்லிய கூழ்ப்படலத்தோடு இருந்தது. சோறு சூடாக, ஒட்டாமல், எண்ணெய் மினுமினுப்போடு இருந்தது. பூண்டும் இஞ்சியும் மணத்தன, கடிபடவில்லை. மிளகாய்ச் சாறு முதலில் புளித்து, பிறகு உறைத்தது. மஞ்சள், மல்லித்தூள், பட்டை எதுவும் இல்லை. இந்தத் தாள்தான் உங்கள் செய்முறை.

இந்த உணவின் பிறப்பும் நமக்கு வழி காட்டும். தென் சீனாவின் ஹைனான் தீவில் வென்சாங் வட்டாரத்துக் கோழிக்குத் தனிப் பெயர் உண்டு. அங்கிருந்து பிழைப்புத் தேடி சிங்கப்பூருக்கு வந்தவர்கள் மற்ற சீனக் குழுக்களுக்குப் பிந்தி வந்து சேர்ந்தார்கள். பலர் சமையல் வேலைக்குப் போனார்கள். கோழியின் கொழுப்பில் அரிசியை வறுத்து, கோழி வெந்த நீரிலேயே சோறு வடித்து, மிச்ச நீரைச் சூப்பாக்கும் சிக்கனம் அவர்களுடையது. ஆகவே வெளியிலிருந்து மசாலா எதையும் சேர்க்காதீர்கள். எல்லாச் சுவையும் அந்த ஒரு கோழிக்குள் இருக்கிறது.

கடையில் சுமார் 1.2 கிலோ முழுக் கோழியைத் தோலோடு கேட்டு வாங்குங்கள். வால் பக்கத்துக் கொழுப்பை எறியாமல் தனியே கட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் கல் உப்பால் தோலை நன்கு தேய்த்துக் கழுவி, அரை மணி நேரம் வெளியே வையுங்கள்.

கோழி முழுக்க மூழ்கும் அளவு தண்ணீரில் இஞ்சித் துண்டுகள், வெங்காயத்தாள், உப்பு போட்டுக் கொதிக்க விடுங்கள். கோழியைக் காலைப் பிடித்து இறக்கி, தூக்கி, வயிற்றுக்குள் புகுந்த நீரை வடித்து, மீண்டும் இறக்குங்கள். மூன்று முறை இப்படிச் செய்தால் உள்ளும் புறமும் ஒரே சீராகச் சூடேறும். மறுபடி கொதி வரும் நேரத்தில் தீயை மிகச் சிறிதாக்குங்கள். தண்ணீர் லேசாக நடுங்கலாம், தளதளவென்று கொதிக்கக் கூடாது. கொதித்தால் தோல் கிழியும், நெஞ்சுக்கறி சக்கையாகும். 30 நிமிடத்துக்குப் பின் அடுப்பை அணைத்து, மூடியபடி இன்னும் 15 நிமிடம் விடுங்கள். தொடையின் தடித்த இடத்தில் குத்தினால் வழியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் 74 டிகிரி செல்சியஸ். சிவப்பு தெரிந்தால் மறுபடி சிறுதீயில் வைத்துப் பாருங்கள்.

வெந்ததும் உடனே ஐஸ் தண்ணீரில் 10 நிமிடம் மூழ்க வையுங்கள். தாளில் எழுதிய அந்த வழுவழுப்பு இங்கேதான் பிறக்கிறது: தோலும் கொழுப்பும் சட்டென்று இறுகுகின்றன. எடுத்து ஈரம் துடைத்து மூடி வையுங்கள்.

இனி சோறு. அவசரம் வேண்டாம். எடுத்து வைத்த கொழுப்பைச் சிறுதீயில் உருக்குங்கள். 3 மேசைக்கரண்டி போதும், குறைந்தால் கடலை எண்ணெய் சேர்க்கலாம். நசுக்கிய பூண்டும் இஞ்சியும் வகைக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டு, நிறம் மாறும் முன்பே 2 கப் அரிசியைச் சேருங்கள். மல்லிகை அரிசியே (ஜாஸ்மின் ரைஸ்) உத்தமம். கிடைக்காவிட்டால் பொன்னி பச்சரிசி. பாசுமதி வேண்டாம், அதன் வாசனை கோழியின் வாசனையை அமுக்கிவிடும். கழுவி நன்றாக வடிந்த அரிசியாக இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் வறுத்து, கோழி வெந்த நீரை ஊற்றுங்கள்: மல்லிகை அரிசிக்கு இரண்டரை கப், பொன்னிக்கு ஏறத்தாழ நாலு. உப்பு சரிபார்த்து, ரம்பை இலை (பாண்டான்) இருந்தால் ஒன்றிரண்டை முடிச்சிட்டுப் போடுங்கள். மூடிச் சிறுதீயில் வேக வையுங்கள். வெந்தபின் 10 நிமிடம் திறக்காதீர்கள்.

மிளகாய்ச் சாறு எளிது. பழுத்த சிவப்பு மிளகாய் எட்டு, பூண்டு, இஞ்சி, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை அரைத்து, எலுமிச்சைச் சாறும் இரண்டு கரண்டி கோழி நீரும் கலக்குங்கள். காய்ந்த மிளகாய் போட்டால் அது வேறு சட்னி.

கோழியை எலும்போடு வெட்டி, வெள்ளரி வில்லைகள் மேல் அடுக்கி, சோயா சாஸ் சில துளி விடுங்கள். எள் எண்ணெய் தடவ விரும்பினால் வறுத்த எள்ளில் எடுத்த சீன வகை வேண்டும். நம் நல்லெண்ணெய்க்கு அந்த மணம் வராது. மிச்ச நீரைக் கொதிக்க வைத்து, வெங்காயத்தாள் தூவிச் சிறு கிண்ணத்தில் கொடுங்கள்.

சாப்பிடும்போது அந்தத் தாளை அருகில் வைத்திருங்கள். சோற்றில் மணம் குறைந்தால் அடுத்த முறை கொழுப்பைக் கூட்டுங்கள். கோழி வறண்டிருந்தால் தீயைக் குறையுங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எது பலித்தது என்று அப்போதுதான் தெரியும்.