கதை வாசிக்க உட்கார்ந்தால் குரல் ஏன் மாறிப்போகிறது?

சந்தியில் நின்று ஒரு மணி நேரம் அசராமல் கதையளக்கிற ஆளிடம் ஒரு சிறுகதையைக் கொடுத்து மைக் முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள். தொண்டை இறுகும். குரல் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு வாக்கியமும் செய்தி அறிக்கை மாதிரி முடியும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் குரலில் இல்லை, காதில் இருக்கிறது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த வீடுகள் நம்முடையவை. நல்ல குரல் என்றால் அறிவிப்பாளர் குரல்தான் என்று பதிந்துபோயிருக்கிறது. ஆம்பிளைக் குரல் கட்டையாகக் கம்பீரமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதோடு சேர்கிறது. மலையகத் தோட்டத்துப் பேச்சு வெளியே எடுபடாது என்ற கூச்சம் மூன்றாவது. இந்த மூன்றையும் கழற்றி வைப்பதுதான் வேலை. புதுக் குரல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

முதல் பத்து நாள்

நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை, தாடை எலும்பு மண்டையோடு வழியாகவும் வருகிறது. அந்த எலும்பு வழி அடித்தொனியைக் கூட்டிக் கொடுக்கும். பதிவில் அது கிடையாது. அதனால்தான் பதிவைக் கேட்டதும் "இது நானா, இவ்வளவு கீச்சென்றா?" என்று தோன்றுகிறது. மற்றவர்கள் இத்தனை வருடமாகக் கேட்டுப் பழகியது அந்தக் குரலைத்தான். அவர்களுக்கு அதில் எந்த அதிர்ச்சியும் இல்லை.

பழக ஒரே வழி கேட்பது. ஒரே பக்கத்தைத் தினம் 3 நிமிடம் என்று 10 நாள் போனில் பதியுங்கள். பதிந்த உடனே கேட்காதீர்கள். வாசித்த களைப்போடு கேட்டால் எல்லாமே குற்றமாகத் தெரியும். மறுநாள் இயர்போனில் கேட்டு ஒரே ஒரு குறையை மட்டும் தாளில் எழுதுங்கள், அன்றைய பதிவில் அதை மட்டும் கவனியுங்கள். ஐந்தாம் ஆறாம் நாளில் குரல் மறந்து கதை காதில் விழத் தொடங்கும். அது நடக்காவிட்டால் இன்னும் ஐந்து நாள் போடலாம், அவசரமில்லை.

உம் கொட்டுகிற சுருதி

யாராவது கதை சொன்னால் "ம்… ம்ம்…" என்று உம் கொட்டுவோமே, அந்தச் சத்தம் வருகிற இடம்தான் உங்கள் தொண்டைக்கு ஆகக் குறைந்த சிரமம் தருகிற சுருதி. வாசிக்க ஆரம்பிக்குமுன் இரண்டு தரம் உம் கொட்டி, மூச்சை அறுக்காமல் அதிலிருந்தே முதல் சொல்லுக்குள் இறங்குங்கள்: "ம்ம்… மழை விட்டிருந்தது." ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் ஒருமுறை இதைச் செய்தால் குரல் நழுவாது.

ஆண்களின் பேச்சுச் சுருதி ஏறத்தாழ வினாடிக்கு 85 முதல் 180 அதிர்வு வரை பரந்து கிடக்கிறது. அதில் எங்கே இருந்தாலும் ஆண் குரல்தான். வலிந்து கீழே தள்ளுகிறவர்களை மூன்று அடையாளத்தில் கண்டுபிடிக்கலாம். வாக்கியக் கடைசியில் குரல் "கர்ர்" என்று உடையும். இருபது நிமிடத்தில் தொண்டை காந்தும். கதையில் பயமோ ரகசியமோ வருகிற இடத்தில் இன்னும் கீழே போக இடமிருக்காது, ஏனென்றால் அடித்தட்டில்தான் ஏற்கெனவே நிற்கிறார்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. காமன் கூத்தில் பாடிய குரல், கோயில் திருவிழாவில் அறிவிப்புச் செய்த குரல் எல்லாம் திறந்த வெளிக்கு ஆனவை. தப்பு மேளச் சத்தத்தைத் தாண்டி கடைசி ஆள் வரை போக வேண்டிய குரல்கள். மைக் என்பது ஒரு சாண் தூரத்தில் இருக்கிற ஒரு காது, அவ்வளவுதான். மேடையில் பேர் வாங்கியவர்கள்தான் இங்கே அதிகம் திணறுகிறார்கள். ஒரே ஒரு ஆளை மனதில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், பக்கத்தில் குந்தியிருக்கிற மாதிரி. கூட்டத்துக்கு வாசித்தால் கதை பிரசங்கமாகிவிடும்.

எழுத்துத் தமிழும் வாய்த்தமிழும்

தமிழ்க் கதை வாசிப்பதில் உள்ள கஷ்டம் இது. விவரிப்பு எழுத்து நடையில் போகும், ஆட்கள் வாய் திறந்தால் பேச்சு நடை. ஒரு துண்டை எடுத்துப் பார்க்கலாம். பீலிக்கரை என்பது தண்ணீர் பிடிக்கிற இடம், ஸ்டோர் தேயிலைத் தொழிற்சாலை. ஒற்றைக் கோடு சிறு நிறுத்தம், இரட்டைக் கோடு மூச்சு:

மழை விட்டிருந்தது. / பீலிக்கரையில் யாரும் இல்லை. // இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவர் / நிமிர்ந்து பார்த்தார். //
"யாருப்பா அது? மாரியாயி மகனா?"
"ஆமாங்க தாத்தா. ஸ்டோர்ல ஆள் எடுக்குறாங்களாம்."

தமிழில் வினை கடைசியில் வரும். மூச்சும் கடைசியில்தான் தீரும். அதனால் "நிமிர்ந்து பார்த்தார்" என்பதில் "பார்த்தார்" பாதி விழுங்கப்பட்டுப் "பாத்…" என்று போகும். கேட்கிறவருக்கு என்ன நடந்தது என்று சொல்கிற சொல்லே அதுதான். நீள வாக்கியம் வருமுன் மூச்சை வாங்கிக்கொண்டு, "கிழவர்" வரை ஒரே ஓட்டமாகப் போங்கள். "போர்த்திக்கொண்டு" என்ற இடத்தில் மூச்சு வாங்கினால் யார் போர்த்தியது என்று தெரியாமல் கேட்கிறவர் அந்தரத்தில் நிற்பார். மூச்சு வயிற்றுக்கு இறங்க வேண்டும். தோள் உயர்ந்தால் மேல்மூச்சு, அது அரை வாக்கியத்துக்கும் வராது. பென்சிலால் இந்தக் கோடுகளைப் போடாமல் மைக்கைத் தொடாதீர்கள்.

அழுத்தம் பெரும்பாலும் வினைக்கு முந்திய சொல்லில் விழும். "பீலிக்கரையில் யாரும் இல்லை" என்பதில் பாரம் "யாரும்" மேலே. "பீலிக்கரையில்" என்பதை அழுத்தினால், வேறெங்கோ ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தம் திரும்பிவிடும். எல்லாச் சொல்லையும் அழுத்துகிறவரும் ஒன்றையும் அழுத்தாதவரும் காதுக்கு ஒன்றுதான்.

இனிப் பேச்சு. விவரிப்பில் "பார்த்தார்" என்றே சொல்லுங்கள், "பாத்தாரு" ஆக்காதீர்கள். உரையாடலில் "எடுக்குறாங்களாம்" என்றே விடுங்கள், "எடுக்கிறார்களாம்" என்று திருத்தாதீர்கள். திருத்துகிற அந்த நொடியில்தான் குரல் பொய்யாகிறது. ழகரமும் அப்படித்தான். நம் பக்கம் "மளை" என்பது சகஜம். பாத்திரத்தின் வாயில் அது அழகு, விவரிப்பில் "மழை" வேண்டும். "மலை, மழை, வாலை, வாளை, வாழை" என்று தினம் இரண்டு நிமிடம் சொல்லிப் பழகினால் ஒரு மாதத்தில் நாக்கு தானாக மடங்கும்.

கதையில் யாழ்ப்பாணப் பேச்சோ மட்டக்களப்புப் பேச்சோ வந்தால் பாவனை செய்ய வேண்டாம். அந்த ஊர் நண்பர் ஒருவரிடம் அந்த வரிகளை மட்டும் பேசி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ராகம் பிடிபட்டால் சரி. பிடிபடாவிட்டால் உங்கள் ராகத்திலேயே நிதானமாக வாசியுங்கள், சொற்களே ஊரைச் சொல்லிவிடும். அரைகுறைப் பாவனை அந்த ஊர்க்காரர் காதில் கேலியாகத்தான் விழும்.

இன்னொரு சிக்கல், "என்றான் முருகேசு" என்பது பேச்சு முடிந்த பிறகு வருவது. பேசியது யார் என்று முன்கூட்டியே தெரியாமல் வாசித்தால் முதலாளி வேலைக்காரன் குரலில் பேசுவார். ஒவ்வொரு பேச்சுக்கும் ஓரத்தில் ஆளின் முதலெழுத்தைக் குறியுங்கள். பேச்சு முடிந்ததும் அரை நொடி விட்டு, "என்றான்" என்பதைக் கதைசொல்லியின் குரலில் சொல்லுங்கள்.

பெண் பாத்திரங்களுக்குக் கீச்சுக் குரல் வேண்டவே வேண்டாம். ஆண் வாசிப்பாளர்கள் ஆக அதிகமாக அசடு வழிகிற இடம் அது. சுருதியை அப்படியே வைத்து, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, வல்லின எழுத்துகளை மெதுவாகத் தொட்டால் போதும். கிழவருக்கு நடுக்கம் வேண்டாம், வேகத்தைக் குறைத்துச் சொல்லுக்குச் சொல் கொஞ்சம் காற்று விடுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரியைத் தனியாகப் பதிந்து வையுங்கள். அடுத்த வாரம் தொடரும்போது கங்காணி எப்படிப் பேசினார் என்று அதுதான் ஞாபகப்படுத்தும்.

இடமும் மழையும்

தகரக் கூரை மேல் மழை விழுந்தால் அன்றைக்குப் பதிவு கிடையாது. மென்பொருளின் இரைச்சல் நீக்கி ஃபிரிட்ஜ் முனகல் மாதிரி ஒரே சீரான சத்தத்தைத்தான் ஒழுங்காக எடுக்கும். மழை கூடும் குறையும், அதை நீக்கப் போனால் குரலும் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசம்பரை ஒட்டி வடகீழ் பருவமழை. இடைப்பருவமான மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் இடியும் மழையும் பெரும்பாலும் பின்னேரத்தில்தான், காலை கிடைக்கும்.

லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்கு நல்ல நேரம் காலை 9 முதல் 11 வரை. ஆட்கள் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். இரவில் பக்கத்துக் காம்பரா (அறை) டிவி ஓய்ந்தால் தவளையும் சில்வண்டும் ஆரம்பிக்கும்.

அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். "டிங்" என்று சுவர் பதில் சொன்னால் துணி போதாது. மூலையில் மூலைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, முதுகுப் பக்கச் சுவர்களில் தடித்த கம்பளியோ மெத்தையோ தொங்கவிடுங்கள். பலரும் மைக்குக்குப் பின்னால் துணி கட்டுகிறார்கள். ஒருபக்க மைக் உங்கள் பக்கத்தை நோக்கித்தான் கேட்கிறது, ஆகவே உங்கள் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவர்தான் முக்கியம். மேசைமேல் ஒரு மடித்த துவாய்.

போனே ஆரம்பத்துக்குப் போதும். அழைப்பு வராமல் ஏரோபிளேன் மோடில் போட்டு, வேவ் (WAV) கோப்பாக 44.1 கிலோஹேர்ட்ஸில் பதியுங்கள். வாயிலிருந்து ஒரு சாண், அதாவது 20 சென்ரிமீற்றர் தூரம், நேரே வைக்காமல் 30 பாகை ஓரமாக. "கம்பளியைப் போர்த்தி" மாதிரி ஒற்று மிகுகிற இடங்களில் "ப்" காற்று நேரே மைக்கில் அடித்து "புப்" என்று வெடிக்கும், ஓரமாக வைத்தால் அது தாண்டிப் போய்விடும். ஒருபக்க மைக் வாங்கினால் கிட்டே போகப் போக அடித்தொனி கூடும். கம்பீரம் வந்துவிட்டது என்று ஏமாந்து நெருங்காதீர்கள், பக்கத்துக்குப் பக்கம் குரல் மாறும்.

வாசிக்குமுன் பால் தேத்தண்ணி குடித்தால் வாய் பிசுபிசுத்து "சப் சப்" சத்தம் பதியும், பிளேன்டியோ வாயை உலர்த்தும். இளஞ்சூட்டுத் தண்ணீர்தான் சரி, அதையும் அரை மணிக்கு முன்பிருந்தே மடக்கு மடக்காக. குளிர்காலையில் தொண்டை விறைத்திருக்கும். லொறி ஏத்தம் ஏறுகிற மாதிரி உதட்டால் "ப்ர்ர்ர்" என்று கீழிருந்து மேலே ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். தடிமன் பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்குத் தொண்டை வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

பிழை விட்டால்

நிறுத்தாதீர்கள். ஒருமுறை கைதட்டிவிட்டு, அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசியுங்கள். பிழைத்த சொல்லிலிருந்து தொடங்கினால் ஒட்டு தெரியும். கைதட்டல் அலைவரைபடத்தில் ஈட்டி மாதிரி நிற்கும், வெட்டுகிற இடம் தேட வேண்டியதில்லை. பிழை விடலாம் என்று தெரிந்த பிறகுதான் பாதிப்பேருக்கு தொண்டை இளகுகிறது. ஆரம்பத்தில் பத்து நிமிடக் கதைக்கு ஒன்றரை மணி நேரம் போனால் மலைக்க வேண்டாம்.

பதியும்போது சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெல்லுக்குள் இருக்கட்டும். தொடக்கத்தில் பேசாமல் 10 விநாடி அறைச் சத்தத்தைப் பதிந்துகொள்ளுங்கள், வெட்டிய இடைவெளியை அடைக்க உதவும். வெட்டி ஒட்ட ஒடாசிட்டி இலவசம். ஒலிநூல் தளமான ஏசிஎக்ஸ் கேட்பது உச்சம் மைனஸ் 3க்குக் கீழ், சராசரி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் இடையில், அறை இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழ். தகரக் கூரை வீட்டில் கடைசி அளவு சிரமம். நண்பர்களுக்கு அனுப்ப மைனஸ் 50ஐ ஒட்டி வந்தாலே போதும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பாமல் கோப்பாக இணைத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருக்கிவிடும்.

"எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லாருக்கு" என்ற பதில்தான் வரும். கதையை முன்பே வாசிக்காத இரண்டு பேருக்கு அனுப்பி மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் கவனம் போனது? யார் பேசுகிறார் என்று எங்கே குழம்பியது? எந்தச் சொல் விளங்கவில்லை? இருவரும் ஒரே நிமிடத்தைச் சுட்டினால் அதைத் திரும்ப வாசியுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் எழுதி வையுங்கள், போதும்.

பொதுவில் ஏற்றுமுன் எழுத்தாளரிடமோ குடும்பத்தாரிடமோ எழுத்தில் அனுமதி எடுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுத்தாளர் இறந்து 70 வருடம் வரை இருக்கும், கட்டணம் வாங்காமல் வாசித்தாலும் கேட்கத்தான் வேண்டும். மலையக எழுத்தாளர்கள் பலர் தங்கள் கதை குரலில் வருவதை விரும்புகிறவர்கள். பதிவின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் அனுப்பிக் கேட்டால் பேச்சு சுலபமாக முடியும்.