பழைய வெஸ்ட் ஊர் ஹோட்டலோட நெஜக் கதைய தோண்டி எடுக்கறது எப்படி

அமெரிக்கால மேற்குப் பக்கம் சின்ன ஊர்கள்ல ஒரு பழைய ஹோட்டல் நிக்கும், வாசல்ல 1880லேர்ந்துன்னு போர்டு, லாபில ஒரு துப்பாக்கிக்காரன் போட்டோ, மாடில கட்டாயம் ஒரு பேய். பேய விட்டுடுங்க, போர்டுல இருக்கற வருஷத்தப் பிடிங்க. அது கட்டடத்தோட வயசா, பேரோட வயசா? அந்த ஊரெல்லாம் மரத்துல அவசரமா கட்டினது, ஒரு கடைல தீ பிடிச்சா தெருவே போயிடும். அரிசோனால இருக்கற டூம்ஸ்டோன் ஊர்ல 1881 ஜூன்ல ஒரு தடவ தீ, மறுபடி 1882 மே மாசம், ரெண்டாவது தீயில கிராண்ட் ஹோட்டல் காலி. அதே எடத்துல அதே பேர்ல திரும்ப கட்டியிருந்தா போர்டுல இருக்கறது பொய்னு சொல்ல முடியாது, ஆனா நீங்க தொட்டுப் பாக்கற செவுரு வேற.

இதுக்கு சான்பார்ன் மேப்தான் பெஸ்ட். தீ இன்ஷூரன்ஸுக்காக வரைஞ்சது, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்ல ஓசிலயே பாக்கலாம். மஞ்சள்னா மரம், பிங்க்னா செங்கல், நீலம்னா கல்லு, கட்டத்துக்குள்ள இருக்கற குட்டி நம்பர் எத்தன தளம்னு சொல்லும். வேற வேற வருஷ மேப்ப பக்கத்துல பக்கத்துல தொறந்து வெச்சு அந்த ஒரு கட்டத்த மட்டும் பாருங்க, மஞ்சளா இருந்தது அடுத்ததுல பிங்க் ஆயிருந்தா நடுவுல எரிஞ்சிருக்கு இல்லன்னா இடிச்சிருக்காங்க.

அப்புறம் அந்த நடு வருஷ பேப்பர்கள குரோனிக்ளிங் அமெரிக்காங்கற பழைய பேப்பர் சைட்ல தேடுங்க, அதுவும் ஃப்ரீ. ஹோட்டல் பேர மட்டும் போட்டா பாதி சிக்காது, ஸ்கேன்ல எழுத்து தப்பா விழுந்திருக்கும், ஓனர் பேரப் போட்டும் தேடணும். யாரு யாரு ஹோட்டல்ல வந்து தங்கினாங்கன்னு அந்தக் கால பேப்பர்ல லிஸ்ட்டே போடுவாங்க, துப்பாக்கிக்காரன் கதைய அங்கதான் செக் பண்ணணும்.

1880 சென்சஸ்ல ஓனர், சமையல்காரர், தங்கினவங்க எல்லாரும் ஒரே வீட்டு ஆளுங்க மாதிரி வரிசையா இருப்பாங்க, படிக்க செம்மயா இருக்கும். 1890 சென்சஸ தேடி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க, 1921ல வாஷிங்டன்ல நடந்த தீ விபத்துல முக்காவாசி நாசமாயிடுச்சு (ஹோட்டலும் தீ, ரெக்கார்டும் தீ!). நேரா 1900க்குதான் தாவணும், நடுவுல யாரு கைமாத்தினாங்கன்னு கவுன்ட்டி ஆபீஸ்ல இருக்கற பத்திரம் சொல்லும்.

எல்லா கதையும் ரீல் இல்ல. நியூ மெக்சிகோ சிமரான்ல ஹென்றி லாம்பர்ட் 1872ல ஆரம்பிச்ச செயின்ட் ஜேம்ஸ் ஹோட்டல்ல டைனிங் ரூம் கூரைல குண்டு ஓட்டைய இன்னிக்கும் காட்டறாங்க. எந்த ஓட்டைய யாரு சுட்டதுன்னு கைட் சொல்ற பேர மட்டும் பேப்பர்ல பாத்துட்டு எழுதுங்க.